எங்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை என்றாய்

தணிகாசலத்துக்கு, உன் அம்மா எழுதுவது. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பது திருத்தணி வரைக்கும் சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற நோட்டீஸில் தெரிகிறது. நானும் நலம். இதை அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் என் நலத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பெரிய சந்தேகம் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவன் நீ.

உன் ஆள் காரில் வந்து இரண்டு சேதி சொன்னான். ஒன்று, அடுத்த மாதம் உனக்கு நடக்கும் பாராட்டு விழாவில் நான் மேடையில் உட்கார வேண்டும். எனக்குப் பொன்னாடை போர்த்தி, ‘எல்லை காத்த தாய்’ என்று பட்டம் தரப்போகிறீர்கள். நான் பேச வேண்டியதில்லை, கும்பிட்டால் போதும் என்று அவனே தைரியம் சொன்னான். இரண்டாவது, நம் ஊர் பஞ்சாயத்து எலக்‌ஷனில் நிற்கும் முனியம்மாவை வாபஸ் வாங்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் ஓட்டு பிரிந்து உன் சிநேகிதன் கஜேந்திரன் தோற்றுப்போவான். இரண்டுக்கும் என் பதில் முடியாது என்பதுதான். அதைக் காரில் வந்தவனிடமே சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ என்னைப் பற்றிச் சொன்னது ஊரறியச் சொன்னது. அதற்கான பதிலை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்ப எனக்கு மனமில்லை. அதனால் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

ஆந்திரா தனி ராஜ்ஜியமான புதிதில் புத்தூர் சந்தையில் நீ முதல்முறை மேடை ஏறினாய். அதற்கு முன்பு ஒரு வாரம் நம் வீட்டுச் சமையற்கட்டு வாசலில் நின்று பேசிப் பழகினாய். நான் ஒரு கையால் களி கிண்டிக்கொண்டே கேட்டேன். “இன்னாடா இது, பேச்சுல உசுரே இல்ல” என்று சொன்னேன். “நீயே சொல்லும்மா, எப்படிச் சொல்லட்டும்?” என்றாய். “கோடு போடறவனுக்கு அளக்கற சங்கிலி போதும், கோட்டு மேல குடியிருக்கறவனுக்கு அடுப்பு வேணும்னு சொல்லு” என்றேன். அதைத்தான் சந்தையில் சொன்னாய். கைதட்டு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து அது உன் வாக்கியம். போன வருஷம்கூட யாரோ அதை உன் பேர் சொல்லி எழுதியிருந்தார்கள். நான் கேட்டு வாங்க வரவில்லை. என் சொல் உன் வாயில் இருந்தால் சொற்பொழிவு, என் வாயில் இருந்தால் சித்தப்பிரமை என்று பின்னால் நீயே தீர்ப்பு எழுதினாயே, அதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரைத் தமிழ்ப் பக்கம் சேர்க்கச் சொல்லி நடந்த ரயில் மறியலுக்கு ஆள் சேர்க்க நீயும் கஜேந்திரனும் வீடு வீடாக வந்தீர்கள். வாசலுக்கு அல்ல, கொல்லைப்புறத்துக்கு. ஆண்களை வாசலில் பார்த்துவிட்டு எங்களைத் தேடிக் கிணற்றடிக்கு வந்தீர்கள். பக்கத்து வீட்டு முனியம்மா அப்போது துணி அலசிக்கொண்டிருந்தாள். குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போட்டு இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாளாக வளர்ப்பவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். “பொம்பளைங்க முன்னால உக்காந்தா போலீஸு கை வெக்க மாட்டான்கா” என்றான் கஜேந்திரன். அவள் நிமிராமலே, “உக்காரச் சொல்றீங்களே, பேச உடுவீங்களா?” என்று கேட்டாள். நீ சிரித்தாய். “பேசறதுக்கு நாங்க கீறோம்கா. நீங்க வந்து உக்காருங்க, அது போதும்.” அந்தச் சிரிப்பு அப்போது எனக்கு அழகாகத்தான் இருந்தது. பெற்றவளுக்கு எல்லாம் அழகுதான்.

போலீஸ் கை வைத்தது. உனக்குத் தெரியாது, நீ அப்போது பின்னால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசிக்கொண்டிருந்தாய். முனியம்மாவைத் தண்டவாளத்திலிருந்து இழுத்தபோது அவள் வலது கை முழங்கைக்கு மேலே முறிந்தது. இன்றைக்கும் அந்தக் கையால் அவளால் குடத்தைத் தூக்கித் தலையில் வைக்க முடியாது. எங்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் ஒரு முற்றத்தில் உட்காரவைத்தார்கள். நிழல் கிடையாது. கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் விட்டார்கள். வெளியே நீ நின்றுகொண்டிருந்தாய், கழுத்து நிறைய மாலை. எங்களைப் பார்த்து, “வீரப் பெண்களே!” என்று கூட்டத்துக்கு முன்னால் கூவினாய். முனியம்மா என் காதில் சொன்னாள்: “அக்கா, கைய ஒடச்சது எனுக்கு, மாலை இவனுக்கா?” நான் அவள் வாயை அடக்கினேன். பிள்ளை பேர் கெடக்கூடாதே என்று.

உன் அக்கா சரோஜாவை மறந்திருக்க மாட்டாய். புத்தலப்பட்டில் தெலுங்குக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். நம் ஊரில் அது புதிதல்ல. இங்கிருந்து பாதிப் பெண்கள் அங்கே போகிறார்கள், அங்கிருந்து பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். மாமியாரிடம் ஒரு பாஷை, தாயிடம் ஒரு பாஷை, பிள்ளைகளிடம் இரண்டும். நீ மேடையில் தெலுங்கர்களைத் திட்டத் திட்ட, அங்கே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடலை பிடுங்குகிற காலத்தில் வந்தாள். “நைனா இருந்திருந்தா இவன இப்படிப் பேச உட்டிருக்குமா? எங்க மாமனார் நல்ல மனுஷன். ஆனா ஒவ்வொரு தபா பேப்பர் வரும்போதும் எம் மூஞ்சியப் பாக்கறாரு. நான் எந்த ஊரு ஜனம்மா?” என்று கேட்டாள். செடியைப் பிடுங்கிப் பிடுங்கி உதறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவர்களில் தமிழும் இருந்தது, தெலுங்கும் இருந்தது. அன்றைக்கு அந்தக் கடலைக் கொல்லையில் நாங்கள் பேசியதுதான் எல்லையைப் பற்றி இந்த ஊரில் நடந்த ஒரே உண்மையான கூட்டம்.

நாங்கள் என்ன முடிவு செய்தோம் என்று நீ இதுவரை கேட்டதில்லை. இப்போது கேள். நாங்கள் தமிழர்கள்தான், அதில் பொய்யில்லை. ஆனால் கோடு எங்கே விழுந்தாலும் அது எங்கள் பெண்களின் மேல்தான் விழுகிறது; தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். ஆகவே கோடு இந்தப் பக்கம் விழுந்தாலும் அந்தப் பக்கம் விழுந்தாலும், பெண்பிள்ளைகள் அவர்கள் தாய் பேசும் பாஷையில் ஊருக்குள்ளேயே படிக்க ஒரு வகுப்பு இருக்க வேண்டும். பையன் பஸ் ஏறி எங்கே வேண்டுமானாலும் படிக்கப் போவான். பெண்ணை அனுப்பமாட்டீர்கள். உள்ளூர் வகுப்பை மூடினால் அவள் படிப்பு அன்றோடு முடிந்தது. எல்லை விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். நான் எட்டாவது வரைக்கும் சித்தூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். உன்னிடமும் சொன்னேன். நீ காபியைக் குடித்துக்கொண்டே, “பாக்கலாம்மா” என்றாய்.

விசாரணை நாளன்று பங்களாவில் நல்ல கூட்டம். எங்களைப் புளியமரத்தடியில் உட்காரவைத்தார்கள். தமிழ்க் கமிட்டி வராந்தாவின் ஒரு பக்கம், தெலுங்குக் கமிட்டி மறுபக்கம், நடுவில் அதிகாரி. அவர் இங்கிலீஷில் கேட்க, ஒரு குமாஸ்தா தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படிக்கட்டின் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாம் முடிகிற நேரத்தில் அவரே மரத்தடியைப் பார்த்து, அந்தப் பெண்கள் ஏதாவது சொல்ல வந்திருக்கிறார்களா என்று கேட்டார். குமாஸ்தா அதைத் தமிழில் சொல்லி வாய் மூடுவதற்குள் நீ எழுந்துவிட்டாய். “எங்க பெண்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்க. நாங்க சொன்னதுதான் அவங்க சொல்றதும்” என்றாய்.

நான் படி ஏறினேன். யாரும் கூப்பிடவில்லை, நானே ஏறினேன். “இருக்குதுங்க ஐயா, தனியா இருக்குது” என்று ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் எத்தனை வீட்டில் தெலுங்கு மருமகள் இருக்கிறாள், எத்தனை பெண்ணைத் தெலுங்கு ஊரில் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லத் தொடங்கியதும் உன் முகம் வெளுத்தது. இப்போது எனக்கு அது புரிகிறது. எங்கள் ஊர் முழுக்கச் சுத்தத் தமிழ் ஊர் என்று நீ கொடுத்த மனுவை உன் தாயே உடைக்கிறாள். எதிர்ப்பக்கத் தலைவருக்கும் அது பிடிக்கவில்லை. அவரும் தன் ஊர்களைச் சுத்தத் தெலுங்கு என்றுதான் எழுதிக்கொடுத்திருந்தார். நீ குமாஸ்தாவின் பக்கம் திரும்பி இங்கிலீஷில், “மதர். ஷி இஸ் நாட் வெல்” என்றாய். சொல்லிவிட்டு, விரலை நெற்றிப் பொட்டில் வைத்துச் சுழற்றினாய். எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்தாயா? விரல் சுழற்றுவதற்குப் பாஷை வேண்டுமா? தெலுங்குக் கமிட்டித் தலைவர் முதலில் சிரித்தார். பிறகு உன் ஆட்கள். அத்தனை வருஷச் சண்டையில் இரண்டு கமிட்டியும் ஒன்றாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். நான் பேசியதில் ஒரு சொல்லையும் குமாஸ்தா மொழிபெயர்க்கவில்லை, எழுதவில்லை. அதிகாரி என்னை இரக்கமாகப் பார்த்து, நிழலில் உட்காரவைத்து ஏதாவது குடிக்கக் கொடுக்கச் சொன்னார். கஜேந்திரன் ஒரு கலர் சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தான். அதை அவன் காலடியிலேயே ஊற்றினேன். அதையும் என் வியாதிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

வண்டியில் திரும்பும்போது நீ சொன்னது ஒன்றே ஒன்று: “அரசியல்ல இதெல்லாம் சகஜம்மா. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.” ஊர் மறக்கவில்லை, தணிகாசலம். உன் சித்தப்பா என்னைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் மொட்டை அடிப்பதாக வேண்டிக்கொண்டார். காளஹஸ்தியில் சாந்தி செய்தால் தெளியும் என்று ஒரு தூரத்து உறவு வந்து உட்கார்ந்தது. கடலை வியாபாரி நான் சொன்ன விலையைப் பக்கத்து வீட்டில் போய், “அந்தம்மா சொல்றது சரிதானா?” என்று விசாரித்துவிட்டு வந்தான். எந்த வீட்டு வழக்கிலும் நான் வாயைத் திறந்தால், “பாவம், அந்தம்மாவுக்கு…” என்று இழுத்தார்கள். நீ இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இதே வீட்டில் என் கையால் சோறு துன்னுக்கினு இருந்தாய். ‘எங்கம்மா நல்லாத்தான் இருக்குது’ என்று தெருவில் ஒருவரிடம் சொல்லியிருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன். உன் மனைவி கமலா ஒருநாள் உன்னிடம் இதைச் சொன்னாள். “நீ உள்ள போ” என்றாய். அவள் உள்ளே போனாள். இந்த வீட்டில் அப்போது இரண்டு பெண்களுக்கு வாய் இல்லை.

கடைசியில் கோடு விழுந்தது. திருத்தணி அந்தப் பக்கம், மதராஸோடு; நாம் இந்தப் பக்கம், ஆந்திராவோடு. வெற்றி என்று பாதி ஜனம் பட்டாசு கொளுத்த, கைவிட்டுவிட்டார்கள் என்று மீதி ஜனம் அழுதது. நீ அழுதவர்களோடு ஒரு வேளை உட்கார்ந்துவிட்டு, கமலாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பட்டாசு கொளுத்தின பக்கம் போய்விட்டாய். தண்டவாளத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் இங்கேயே இருக்கிறோம். நாங்கள் பயந்ததுதான் நடந்தது. தமிழ் வாத்தியாரம்மாவை மாற்றினார்கள், பதிலுக்கு யாரையும் போடவில்லை. பையன்கள் பஸ் ஏறினார்கள். முனியம்மாவின் பெரியவள் குப்பு, கணக்கில் புலி, புத்தகத்தை மடித்துவைத்துவிட்டுக் கடலை உடைக்க உட்கார்ந்தாள்.

முனியம்மாவும் நானும் சித்தூருக்குப் போனோம். சரோஜா புத்தலப்பட்டிலிருந்து வந்து சேர்ந்துகொண்டாள். அவளை பஸ் ஏற்றிவிட்டவர் அந்த மாமனார்தான். கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்திருந்த அதிகாரி எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். “மகவாள்ளு எவரூ ராலேதா அம்மா?” என்று கேட்டார். ஆம்பிளைகள் யாரும் வரவில்லையா என்று. சரோஜா தெலுங்கிலேயே பதில் சொன்னாள்: “அவங்க சொன்னதெல்லாம் நீங்க இத்தினி வருஷமா கேட்டுட்டீங்க. இப்ப நாங்க சொல்றோம், கேளுங்க.” அவர் பேனாவை மூடிவிட்டு, வேலை இருக்கிறது, அப்புறம் வாருங்கள் என்றார். அப்புறமும் போனோம். மறுபடியும் போனோம். எங்களைப் பார்த்தாலே ப்யூன் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற அளவுக்குப் போனோம். கடைசியில் அந்த மனிதர், ஒழிந்தால் போதும் என்றோ என்னவோ, சொன்னார்: பஞ்சாயத்து ஒரு அறை கொடுத்துத் தீர்மானம் போட்டு அனுப்பினால் வாத்தியாரம்மாவைப் போட ஏற்பாடு செய்கிறேன்.

பஞ்சாயத்தில் ஒரு பெண் கிடையாது. உன் கஜேந்திரனும், அந்தப் பழைய தெலுங்குக் கமிட்டித் தலைவரின் தம்பியும் இப்போது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். ரோடு காண்டிராக்ட் என்று வந்தால் பாஷை குறுக்கே நிற்பதில்லை. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் கஜேந்திரன், “இது பொம்பளைங்க சமாச்சாரம். அஜெண்டால வராது” என்றான். மறுநாள் முனியம்மா போய் எலக்‌ஷனுக்கு மனு போட்டுவிட்டாள். அவளைத்தான் நீ வாபஸ் வாங்கச் சொல்கிறாய். தமிழ் ஓட்டு பிரியுமாம். குப்பு பள்ளிக்கூடத்தை விட்டபோது தமிழ் பிரியவில்லையா?

போன வாரம் ஊர் நடுவில் முனியம்மாவுக்காகக் கூட்டம் போட்டோம். மேடை இல்லை, ஒரு கட்டை வண்டிதான். முதலில் நான் பேசினேன். கஜேந்திரனின் ஆட்கள் பின்னாலிருந்து, “பைத்தியம், பைத்தியம்” என்று கத்தினார்கள். நீ கொடுத்த பட்டம். புதுப் பட்டம் எதற்கு எனக்கு? “ஆமாம்பா, எம்மவன் சர்ட்டிபிகேட் குடுத்துக்கீறான். பைத்தியம் சொல்றதயும் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். அவன் ஆட்களில் ஒன்றிரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு முனியம்மா வண்டியில் ஏறினாள். விசில் அடித்தார்கள். தகரத்தைத் தட்டினார்கள். ஒருவன் சாணியை வீசினான், அது அவள் தோளில் பட்டது. அவள் துடைக்கவில்லை. நிறுத்தவும் இல்லை. கத்துகிறவனுக்குத் தொண்டை காயும், எனக்குக் காயாது என்பதுபோல அதே குரலில் பள்ளிக்கூட அறையைப் பற்றியும் ஏரி மதகைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனாள்.

அப்போது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்கு விவசாயி எழுந்தார். அவர் வீட்டு ஓட்டு எப்போதும் தெலுங்குக் கமிட்டிக்குத்தான். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பின்னால் திரும்பி, தகரம் தட்டியவனைப் பார்த்து, “உண்டரா, விநனீ” என்று அதட்டினார். இருடா, கேட்கவிடு என்று. பிறகு முனியம்மாவைப் பார்த்து, தமிழும் தெலுங்கும் கலந்து கேட்டார்: “மதகு ரிப்பேரு பண்ணா, கடைமடைக்கு எப்போ நீள்ளு வஸ்தாயி? அது செப்பம்மா.” தண்ணீர் எப்போது வரும், சொல்லம்மா என்று. அவள் சொன்னாள். அவர் அதற்கு மேல் ஒன்று கேட்டார். அவள் அதற்கும் சொன்னாள். அவர் தலையை ஆட்டவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒரு இடத்தில் கணக்குத் தப்பு என்றுகூடச் சொன்னார், அவள் திருப்பி வாதாடினாள். ஒரு பெண்ணிடம் பொது இடத்தில் ஒரு ஆண் கேள்வி கேட்டு, பதில் வரும் வரைக்கும் நின்றதை என் ஆயுளில் நான் முதல்முறையாகப் பார்த்தேன். நீ படித்தவன், தலைவன், என் வயிற்றில் பிறந்தவன். உனக்கு வராத மரியாதை அந்த எதிர்க்கமிட்டிக்காரருக்கு வந்தது.

முனியம்மா ஜெயிப்பாளா என்று தெரியாது. தோற்றாலும் தோற்கலாம். கஜேந்திரன் சாராயம் இறக்கியிருக்கிறான். அவள் தோற்றாலும் அந்தக் கேள்வியும் பதிலும் நடந்தது நடந்ததுதான். அதை யாரும் வாபஸ் வாங்க முடியாது.

உனக்குப் புத்தி சொல்கிற வயதை நீ தாண்டிவிட்டாய். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். மேடையில் எங்களுக்கு நாற்காலி போடாதே. நாற்காலியில் உட்காரவைத்த பொம்மைக்குத்தான் பொன்னாடை போர்த்த முடியும். எழுந்து நின்று பேசுகிறவளுக்கு அது நழுவிக் கீழே விழும். உனக்கு உண்மையாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், அந்த விழாவில் மைக்கைப் பிடித்து, ‘அன்றைக்கு என் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, நான் பொய் சொன்னேன்’ என்று சொல். உன் கமிட்டிக்காரர்கள் கேட்கும்படி சொல். கமலா கேட்கும்படி சொல். உன் பெண்பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறாள்; அவள் கேட்கும்படியும் சொல். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும்.

இதற்குப் பதில் எழுதாதே. காரும் அனுப்பாதே. வரும் ஞாயிற்றுக்கிழமை புத்தூர் சந்தையில் முனியம்மாவுக்காக மறுபடி பேசுகிறேன், உச்சிவேளைக்கு முன்பு. வருவதானால் பஸ்ஸில் வா. கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நில். நான் முடிக்கும் வரைக்கும் குறுக்கே பேசாதே. முடித்த பிறகு உனக்கு ஏதாவது கேட்கத் தோன்றினால், கையைத் தூக்கிக் கேள். பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
சித்தம் தெளிந்தே எழுதும்
உன் அம்மா